நாற்பத்தொரு படங்கள் தொங்கிய சுவர்

மாண்பும் மலர்ச்சியும் ஒருங்கே அமைந்த விழாத் தலைவர் அவர்களே, பாழடைந்த சிறையைப் பார்வைக்கூடமாக்கிய குழுவின் பெரியோர்களே, வெயிலில் பிள்ளைகளை மடியில் கிடத்தி அமர்ந்திருக்கும் தாய்மார்களே, என்னோடு சீருடை அணிந்து சிரித்துச் சிரமப்பட்ட தோழர்களே, டிக்கெட் வாங்கி வந்தவர்களே, என் தயவில் வாங்காமல் வந்தவர்களே, அனைவருக்கும் இந்த வாயிற்காவலனின் வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுகள் இந்தச் சிறையின் முன்கதவில் வார்டராக நின்றவன் நான். சிறையை மூடினார்கள்; அதே கதவில் வழிகாட்டியாக நிற்கிறேன். அன்று வந்தவர்கள் வெளியே போகும் வழி கேட்டார்கள். இன்று வருகிறவர்கள் தூக்குமேடை எங்கே என்கிறார்கள், அடுத்த மூச்சில் கழிவறை எங்கே என்கிறார்கள். இரண்டும் ஒரே பக்கம் இருப்பதால் எனக்குக் கை நீட்டும் வேலை பாதி மிச்சம்.

சிரியுங்கள், சிரியுங்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தலைவர் நாற்காலியைக் காட்டி உட்கார்ந்து பேசச் சொன்னார். முடியவில்லை ஐயா. நான்கு நாட்களாக நின்றால் நிலை கொள்ளவில்லை, படுத்தால் பாய் கொள்ளவில்லை. "வீட்டுக்குள்ளயே ரோந்து போறீங்களே, உங்களுக்கு என்னதான் ஆச்சு?" என்று மனைவி கேட்கிறாள். அதைச் சொல்லத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

இரண்டாம் கூடத்துச் சுவரை அறியாதவர் உண்டா? கையில் சிலேட்டைப் பிடித்தபடி நாற்பத்தொரு கைதிகளின் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பலகை. அந்தப் பலகைகளை எழுதியவன் யார்? அடியேன். எதைப் பார்த்து எழுதினேன்? சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து. ஆளைக் கொண்டுவரும் போலீஸ் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளும் பதிவேடு அது. வழக்கு என்ன ஆயிற்று என்பது விடுதலைப் பதிவேட்டில் இருக்கும். அது அலுவலக அலமாரியில் இருந்தது. கதவில் நின்றே பழகியவன், அலமாரிப் பக்கம் போகவில்லை.

அதோடு விட்டேனா? அடுக்குமொழி எனக்கு ஒரு வியாதி. 'திருட்டு' என்று இருந்த இடத்தில் 'இருளில் இரும்புப்பெட்டி உடைத்த இரக்கமற்ற கொள்ளையன்' என்று எழுதினேன். யாருடைய படம் அது என்று மண்டையைக் குடையாதீர்கள். இதே பாணியில் பதினாறு பலகைகள் எழுதித் தொலைத்திருக்கிறேன். பார்த்தவர்கள் பயந்தார்கள், படம் பிடித்தார்கள், பாராட்டினார்கள். நானும் பூரித்துப்போனேன்.

நான்கு நாட்களுக்கு முன் ஒருவர் வந்தார். தையல்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைத் தொழிலைச் சொன்னால் அடையாளம் கண்டுவிடுவீர்கள். எவ்வளவு சொல்லலாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன்.

"என்னைத் தெரியுதா சார்?"

"தெரியலீங்களே."

"உங்க சுவத்துல நான் இருக்கேன்."

டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்திருந்தார் அந்த மனிதர். அவருடைய மருமகன் போன வாரம் இங்கே வந்து, அந்தப் படத்தின் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறார். மீசையும் முடியுமாக இருந்த அந்தக் காலத்து முகம் தன் மாமனாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை. மகளுக்குத் தெரிந்துவிட்டது. போனில் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறாள். "அப்பா, அது நீங்களா?" அவர் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.

அன்றுதான் அலமாரியைத் திறந்தேன். பதினான்கு மாதம் விசாரணைக் கைதி. பிறகு குற்றமற்றவர் என்று நீதிமன்றமே விடுவித்திருக்கிறது. அன்றைக்குக் கதவைத் திறந்து அனுப்பியதாகக் கீழே ஒரு கையெழுத்து. என் கையெழுத்து தாய்மார்களே, என் கையெழுத்து.

கூனிக் குறுகி அவரிடம் சொன்னேன். "மன்னிச்சிடுங்க. பலகையில நிரபராதின்னு கொட்டை எழுத்துல சேர்த்துடறேன்."

"அப்பவும் நான் அங்கதான சார் தொங்குவேன்? என் பொண்ணுகிட்ட நானே சொல்லிக்கறேன். அவ வீட்டுக்காரங்க இங்க நின்னு படிக்க வேணாம்." மேலும் சொன்னார். "விடுதலை ஆகி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. நீங்க இன்னும் என்னை அனுப்பலையே சார்."

கதவைத் திறப்பதையே தொழிலாகக் கொண்டவனிடம் கேட்கிற கேள்வியா இது? கேட்டுவிட்டார். பதிவேடுகளைப் புரட்டினேன். அந்தச் சுவரில் அவரைப் போல் விடுவிக்கப்பட்டவர்கள் இன்னும் எட்டுப் பேர். குழுவிடம் ஓடினேன். "ஆண்டு விழா முடியட்டும், கூட்டமே அந்தச் சுவருக்குத்தான் வருது" என்றார்கள். ஒன்பதை மட்டும் கழற்றலாமா? காலியான இடமே காட்டிக்கொடுத்துவிடும். சரி, மற்ற முப்பத்திரண்டு பேர்? செய்த தப்புக்குச் சிறையிருந்து முடித்தார்கள். முடித்த பிறகும் வேடிக்கை காட்ட நாம் யார்? எந்த நீதிபதி நமக்கு அந்த உத்தரவு கொடுத்தார்?

என்ன கேட்கிறீர்கள் ஐயா? அப்புறம் எதைப் பார்க்க வருவது என்கிறீர்களா? ஆள் எட்டாத உயரத்தில் இருக்கும் ஜன்னலைப் பாருங்கள். மூன்று பேர் அறையில் ஒன்பது பேரை அடைத்தோம், அந்தத் தரையைப் பாருங்கள். முகம்தான் வேண்டுமென்றால் என் முகத்தை மாட்டுங்கள். விடுதலைப் பதிவேட்டைப் பார்க்காத வழிகாட்டி என்று கீழே எழுதுங்கள். அடைமொழி வேண்டாம்.

தலைவர் அவர்களே, என் பேச்சுக்குப் பிறகு தாங்கள் அனைவரையும் அந்தக் கூடத்துக்கு அழைத்துச் செல்வதாக நிகழ்ச்சி நிரல் சொல்கிறது. அழைத்துச் செல்லுங்கள். அங்கே நாற்பத்தொரு ஆணிகள் இருக்கும். படங்களையும் பலகைகளையும் இன்று காலை நானே கழற்றிப் பூட்டி வைத்துவிட்டேன். என்னை வேலையை விட்டு நீக்குவீர்கள் என்று தெரியும், நீக்குங்கள். ஆனால் மறுபடி மாட்டுவதாக இருந்தால், ஒவ்வொருவரையும் நேரில் கேட்டுவிட்டு மாட்டுங்கள்.

கழற்றி முடித்ததும் அந்தத் தையல்காரருக்குப் போன் செய்து சொன்னேன். அவர் சொன்னார், "சரி, வைங்க சார். பொண்ணுகிட்ட பேசணும்."

இவ்வளவு நேரம் செவி கொடுத்தவர்களுக்கும், முகம் சுளித்தாலும் மைக்கைப் பிடுங்காத குழுவினருக்கும் என் நன்றி. கதவு திறந்திருக்கிறது, போய்ப் பாருங்கள். வணக்கம்.