முதல் அஞ்சலி

என் கையெழுத்து தெளிவாக இருக்கும், மேடம். புதுக்கோட்டையில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருபத்தாறு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். அதனால் இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன். உங்கள் ஏட்டையாவுக்கு எதற்குச் சிரமம்.

பத்திரம் எழுதுவது பிழைப்புக்கு. நாவல் எழுதுவதுதான் எனக்கு வாழ்க்கை. ஒன்பது வருடம் உட்கார்ந்து ஒன்றை முடித்தேன். புத்தகம் வந்த அன்று பேஸ்புக்கில் அட்டையைப் போட்டேன். பதினொரு லைக். அதில் ஒன்று என் மனைவி வனிதா போட்டது, அதுவும் நான் இரண்டு முறை கத்திய பிறகு. இன்னொன்று நானே போட்டுக்கொண்டது. எவனோ விராலிமலை ரோட்டுக் கடையில் புரோட்டா தின்கிற படத்துக்கு ஆயிரம் பேர் ஓடி வருகிறார்கள். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

எழுத்தாளர்கள் சமூக ஊடகத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று பதிப்பகத்தார் ஒரு வகுப்பு வைத்தார்கள். சுடர்விழி என்ற பெண் நடத்தினார். "எப்பப் பாத்தாலும் ஒங்க புத்தகத்தையே போடாதீங்க சார். மத்த எழுத்தாளர்களப் பத்தி எழுதுங்க. அவங்க வாசகருங்க தானா ஒங்க பக்கம் வருவாங்க" என்றார். நியாயமான பேச்சு. அடுத்த வாரமே மதுரைப் பக்கம் ஒரு கவிஞர் இறந்துபோனார். எப்போதோ ஒரு கூட்டத்தில் அவரோடு நின்று எடுத்த படம் இருந்தது. அதை வைத்து அஞ்சலி எழுதினேன். எண்ணூறு லைக்.

அதற்குப் பிறகு சூட்சுமம் பிடிபட்டது. அஞ்சலியில் முதலில் போடுகிறவனுக்குத்தான் மரியாதை. அவன் பதிவைத்தான் ஊரெல்லாம் பகிரும். இரண்டாவதாகப் போடுகிறவனை நாய்கூடச் சீந்தாது. இரண்டு முறை பிந்திப்போய் நொந்துவிட்டேன். பிறகு, உடம்புக்கு முடியாமல் கிடப்பவர்களுக்கு முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். பத்திரத்திலும் எல்லாவற்றையும் எழுதிவிட்டுத் தேதிக்கு மட்டும் இடம் விடுவது உண்டு.

திருமயம் பக்கத்துக் குமரப்பன் அண்ணன் பெரிய சிறுகதைக்காரர். நுரையீரல் கெட்டு, வீட்டிலேயே ஆக்ஸிஜன் மிஷின் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் வெளியூரில். வாரம் ஒரு முறை நான் போய்ப் பார்ப்பேன். பாசமும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு முறையும் அவரோடு ஒரு படம் எடுத்துக்கொள்வேன்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அவர் மனைவி விசாலி ஆச்சி போன் செய்தார். "தம்பி, அவுகளுக்கு மூச்சு நின்னுபோச்சு, ஓடியாங்க" என்று அழுதார். பஸ் ஏறுவதற்கு முன்பே பதிவைப் போட்டுவிட்டேன். திருமயத்தில் இறங்கும்போது ஆயிரத்து நானூறு லைக், முந்நூறு பகிர்வு. என்னை ஏறெடுத்துப் பார்க்காத எழுத்தாளர்களெல்லாம் 'வெற்றிசெல்வன், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருந்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்தால், அண்ணன் கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"மிஷின் குழா கழண்டு கெடந்துச்சு தம்பி. மாட்டுனதும் மூச்சு வந்திருச்சு. ஒங்கள வேற பதற வச்சுட்டேன்" என்றார் ஆச்சி.

"வேற யாருக்கும் சொன்னீங்களா ஆச்சி?"

"இல்ல தம்பி. பிள்ளைகளுக்கு இனிமேத்தான் பேசணும்."

அவரிடம் இருப்பது பட்டன் போன். அண்ணனின் பெரிய போன் ஜன்னலோரம் சார்ஜில் கிடந்து அதிர்ந்துகொண்டே இருந்தது.

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வெற்றி, ஒன் நாவல நேத்துத்தான் முடிச்சேன்யா. அசந்துட்டேன். நாலு வரி எழுதிப் போடணும். அந்தப் போன எடு."

இந்தச் சொல்லுக்காகத்தான் ஒன்பது வருடம் காத்திருந்தேன். கண் கலங்கிவிட்டது. ஆனால் போனைத் திறந்தால் அவர் முதலில் பார்க்கப்போவது அவருக்கே நான் எழுதிய அஞ்சலியை அல்லவா? அழித்திருக்கலாமே என்பீர்கள். முந்நூறு பேர் பகிர்ந்து ஊரே படித்த பிறகு அழித்து என்ன பயன்? உயிரோடு இருப்பவரைச் சாகடித்தவன் என்று காலத்துக்கும் என் மூஞ்சியைப் போட்டுச் சிரிப்பார்கள். அப்புறம் என் நாவலை யார் தொடுவார்கள்?

ஆச்சி காப்பி போடப் போனார். "அப்பறம் எழுதலாம்ணே. மொதல்ல ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டுக் குழாயைக் கழற்றினேன். அவர் என் கையைப் பிடித்தார். நானும் விடாமல் பிடித்துக்கொண்டேன். இருமல் சத்தம் அடுப்படிக்குக் கேட்காமல் இருக்கத் தலையணையை வைத்தேன். எல்லாம் அடங்கிய பிறகு குழாயைப் பழையபடி மாட்டிவிட்டேன். ஆச்சி காப்பியோடு வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். அது நடிப்பில்லை, மேடம்.

பதிவு போட்டது 3.12 மணி, டாக்டர் எழுதிய இறந்த நேரம் 4.30 மணி என்று இரண்டு காகிதத்தையும் என் முன்னால் வைத்துக் கேட்டீர்கள். குமரப்பன் அண்ணனைக் கொன்றது நான்தான். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் கோர்ட்டில் குற்றப்பத்திரிகை கொடுக்கும்போது அந்தப் பதிவைப் பொய்ப் பதிவு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என் வாசகர்களிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.