பெகாயிமோட கம்ப்யூட்டர்

தேடி முடிச்சாச்சா? கட்டிலுக்கு அடியிலயும் குனிஞ்சு பாத்துட்ட. பால்கனியில உருளக்கிழங்கு மூட்டதான் இருக்கு, வேணும்னா அதையும் அவுத்துப் பாரு. பூட்ஸக் கழட்டிட்டு உக்காரு எர்மெக். வீட்டுக்குள்ள பூட்ஸோட நடக்கச் சொல்லியா உங்கம்மா வளத்தாங்க? ரொட்டி வச்சிருக்கேன், பிச்சு வாயில போடு. பாசமெல்லாம் ஒண்ணும் இல்ல. வாசலுக்கு வந்தவன ரொட்டி குடுக்காம அனுப்புனா என் பேருதான் கெட்டுப்போகும்.

கீழ கார்ல இருக்கிறது உன் அண்ணன் தாலாய்தானே? பக்கத்துல உங்க சித்தப்பா. ஒரு பொண்ண இழுத்துட்டுப் போக மூணு ஆம்பளைங்க. அன்னிக்கும் இதே மூணு பேருதான். பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்த என் சித்தி பொண்ணு பெகாயிம கார்ல அள்ளிப் போட்டுக் கொண்டுபோய், தலையில வெள்ள முக்காட்டப் போட்டு, உனக்கும் அவளுக்கும் கல்யாணம் முடிஞ்சதுன்னுட்டீங்க. என்னத் தாண்டிப் போனா சாபம்னு உங்கம்மா வாசப்படியில குறுக்கப் படுத்துக்கிட்டாங்க. அவளும் ஒரு குளிர்காலம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தா. அப்புறம் ஓடிட்டா. நல்லா செஞ்சா.

வழக்கமா? உங்க அக்காவ எவனாவது அப்படித் தூக்கிட்டுப் போயிருந்தா வழக்கம்னு சும்மா இருந்திருப்பியா?

சரி, விடு. எப்படிக் கண்டுபிடிச்சேன்னு நீ பெரும பேசிக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். தொக்தோகுல் பக்கம் உங்க ஊருக்குன்னு ஒரு இணையப் பக்கம் நடத்துற. கல்யாணம், விருந்து, சாவு எல்லாம் அதுலதான் வரும். அதே ஊருல அவ அம்மா, என் சித்தி, இடுப்பொடிஞ்சு படுத்த படுக்கையாக் கெடக்குறாங்க. போய்ப் பாக்கலாம்னா, அவ வந்தா பிடிக்கணும்னு சித்தி வீட்டு வாசல்லயே காரப் போட்டு உக்காந்திருக்கீங்க. அதனால தெனமும் காலைல உன் பக்கத்தத் தொறப்பா. சாவுச் சேதியில அம்மா பேரு இருக்கான்னு பாப்பா. இல்லன்னா வேலைக்குப் போவா. அவ்வளவுதான்டா அவ அதுல பாத்தது.

விபிஎன் போட்டுத்தான் பாத்தா. எங்க இருக்கான்னு தெரியாதுன்னு நெனச்சா. ஆனா அவ உங்க வீட்டுல இருந்தப்ப அதே லேப்டாப்புல உன் பக்கத்தத் தொறந்தவதானே. கண்ணு சரியில்லன்னு எழுத்தப் பெருசாக்கி வச்சிருப்பா. கிர்கிஸ் மொத மொழி, ரஷ்யன் ரெண்டாவது. பூத்தையலுக்குன்னு ஏத்துன விசித்திரமான எழுத்து வகைங்க வேற. பக்கத்தத் தொறந்தாலே இதெல்லாம் உனக்குத் தெரிஞ்சுடும். தனித்தனியாப் பாத்தா ஒண்ணுமில்ல. எல்லாத்தையும் சேத்துப் பாத்தா கைரேகை மாதிரி ஆயிடுது. அத நீ எடுத்து வச்சுக்கிட்ட. போதாததுக்கு யாருக்கும் தெரியக் கூடாதுன்னு மறைக்கிற செட்டிங் எல்லாத்தையும் அவ போட்டு வச்சா, பாவம். ஊரே முகத்தத் தொறந்துபோட்டு நடக்குறப்ப ஒருத்தி மட்டும் போத்திக்கிட்டு நடந்தா, அவளத்தானே எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க?

தெரிஞ்சதும் உனக்கு வாய் சும்மா இருக்கல. அவ ஹாலந்துல இருக்குற மாதிரி காட்டி உள்ள வந்தா, பெகாயிம், ஹாலந்துல குளிரான்னு அந்தப் பக்கத்துலயே போட்ட. ஜெர்மனின்னா அங்க மழையான்னு போட்ட. ராத்திரி தூக்கம் இல்லாம போன் போட்டு அழுதா. அப்பதான் எனக்கும் விஷயமே தெரிஞ்சுது. நீ வாயப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா நாங்க கடைசி வரைக்கும் முழிச்சிட்டுத்தான் இருந்திருப்போம்.

இந்த லேப்டாப்பா? தொறந்து பாரு. அவளோடதுதான்னு அடிச்சுச் சொல்லுவ. எழுத்து பெருசா இருக்கு, மொழி சரியா இருக்கு, பூத்தையல் எழுத்தும் இருக்கு. ஆனா இது என்னோடது. ஒவ்வொண்ணாக் கேட்டுக் கேட்டு அவளோடது மாதிரியே மாத்துனேன். அப்புறம் விபிஎன்ன அணைச்சுட்டு, இந்த வீட்டு நெட்டுலயே உன் பக்கத்தத் தொறந்து வச்சேன். நெட் ஆபீஸ்ல இருக்குற உங்க மாமா பையன் விலாசத்தத் தேடிக் குடுத்திருப்பான், இல்ல? அவனத்தான் நம்பி இருந்தேன்.

அவ இங்க பிஷ்கெக்ல இருந்ததே இல்ல, தம்பி. இத்தன நாளும் தெக்க ஓஷ்லதான் இருந்தா.

யாருக்குப் போன் போடுற? சித்தி வீட்டு வாசல்ல காவலுக்கு யாரு இருக்கான்னா? நீங்க மூணு பேருதான் மாத்தி மாத்தி இருந்தீங்க, மூணு பேரும் இங்க வந்துட்டீங்களே. இப்பவே கெளம்புனாலும் போய்ச் சேர மாட்டீங்க, இங்கிருந்து உங்க ஊருக்குப் போற கணவாயில பனி சரிஞ்சு மத்தியானமே ரோட்ட மூடிட்டாங்க. ஓஷ்ல இருந்து வர்ற ரோட்டுக்கு அந்தத் தொல்லையெல்லாம் கெடையாது. காலைலயே வந்து, சித்தியப் போர்வையோட தூக்கி, பின் சீட்டுல படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போயிட்டா. பாத்ததும் சித்தி அவ பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்களாம்.

நீ போய் அந்த வாசல்ல எத்தன வருஷம் வேணும்னாலும் காரப் போட்டு உக்காந்துக்கோ. அவ திரும்பி வந்து பாக்குறதுக்கு அந்த வீட்டுல இனிமே ஆளு இல்ல.