முள் போட்ட பாதை

பனியில் வண்டி ஓட்டினாலே எனக்குச் சளி பிடித்துக்கொள்ளும், சார். அதனால் அன்றைக்குப் போக வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன். என் தங்கை எழில் கேட்கவில்லை. தை மாதம் கல்யாணம், அப்புறம் விமல்ராஜுடன் பெங்களூர். அதற்குள் மூவரும் ஒருநாள் சாத்தனூர் பக்கம் ஆற்றோரமாகச் சுற்றிவிட்டு வரலாம் என்றாள்.

அம்மா போனபோது அவள் சின்னக் குழந்தை. தலை வாரியதிலிருந்து காலேஜில் சேர்த்தது வரை நான்தான். வேங்கிக்கால் வீட்டில் தனியாக இருப்பதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது. அவளிடமே சொன்னேன். "நீயும் எங்ககூட வந்துடுக்கா" என்று சிரித்தாள். விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

ஐப்பசிக் கடைசி. ஆறும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. நானும் எழிலும் ஸ்கூட்டியில், விமல்ராஜ் பைக்கில். ஆற்றுக்கு முன்னால் பாதை பிரிகிற இடத்தில், ஒரு பக்கம் வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். அவன் இறங்கி அதை ஒதுக்கப் போனான்.

"தொடாதீங்க தம்பி. வெள்ளத்துல தரைப்பாலம் அறுத்துக்கிச்சு. இங்கல்லாம் முள்ளு போட்டிருந்தா அந்த வழி போகக்கூடாதுன்னு அர்த்தம்" என்றேன்.

"சரிங்கக்கா" என்றான். நல்ல பையன். சொன்னதை அப்படியே மனதில் வாங்கிக்கொள்வான். புதுப் பாலம் வழியாக அக்கரை போனோம்.

திரும்பும்போது மூட்டம் இன்னும் ஜாஸ்தி. டீக்கடையில் எழில், "நான் இவர்கூட வரேன், நீ முன்னாடி போய்ட்டே இரு, அக்கா" என்றாள். போனேன். அக்கரையிலும் அதே போல் பாதை பிரிகிறது. உடைந்த பாலத்துக்குப் போகிற வழியில் முள் கிடந்தது. வண்டியை நிறுத்தி, அதை இழுத்துப் புதுப் பாலத்து வழியில் போட்டேன். உள்ளங்கையெல்லாம் கிழிந்தது. ஸ்கூட்டியை முள்ளுக்கு ஓரமாக உருட்டிக்கொண்டு போய்ப் புதுப் பாலத்தின் மேல் நின்றேன். பைக் சத்தம் வந்தது. வேகம் குறையவில்லை. பிறகு சத்தம் இல்லை. திரும்பிப் போய் முள்ளைப் பழைய இடத்திலேயே போட்டுவிட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். வெளியூர்ப் பையன், கவனிக்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

எழில் அவன் பின்னால் உட்கார்ந்திருந்தது தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். என்கூட வந்திருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

விமல்ராஜ் அங்கேயே போய்விட்டான். எழிலுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் நான்தான், சின்ன வயதில் செய்த மாதிரியே. ஊட்டும்போது என் கைத் தழும்புகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் அவளை அழவைத்துவிடுகிறார்கள் என்று வாசலைப் பூட்டியே வைக்கிறேன்.

மருந்து கொடுக்க வந்த நர்ஸம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னது அவளேதான் என்கிறீர்கள். கோபம் வந்தால் எழில் அப்படித்தான், சார். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போட்டுவிடுகிறேன். பொழுது சாய்வதற்குள் அனுப்பிவிடுங்கள். என் கையால் ஊட்டினால்தான் அவள் சாப்பிடுவாள்.