பராமரிப்பில் குறையில்லை

பழைய துப்பாக்கி வாங்குகிறவர்கள் வெளிப் பளபளப்பைப் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள், இன்ஸ்பெக்டர். கட்டையில் கீறல் இருந்தால் என்ன? உள்ளே ஸ்பிரிங் எப்படி இருக்கிறது, புகைத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்றுதான் நான் பார்ப்பேன். லட்லோ ஊர்க் கடையில் இந்த செமி ஆட்டோமேடிக் துப்பாக்கியை வாங்கியபோது கடைக்காரரே சொன்னார்.

"எல்லாம் நல்லாருக்கு மெர்வின். தோட்டாவை அடிக்கிற சுத்தியலைப் பிடிச்சு நிறுத்துற கொக்கி மட்டும் தேஞ்சிருக்கு. படார்னு மூடினா தானா வெடிக்கும். முதல்ல அத மாத்திடு."

அன்றே மாற்றினேன். பழைய கொக்கியை எறியவில்லை. நான் எதையும் எறிவதில்லை.

ஞாயிறுதோறும் எங்கள் கிளப்பில் களிமண் தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுடுவோம். மற்றவர்களிடம் இருப்பது முறித்துத் திறக்கும் இரட்டைக் குழல். என்னுடையது மட்டும் முறியாது, பக்கவாட்டில்தான் திறக்கும்; ஒரு பொத்தானை அழுத்தினால் மூடிக்கொள்ளும். அதனால் சுடாத நேரத்தில் அதைத் திறந்தே வைத்து, அந்தத் திறப்பில் ஓர் ஆரஞ்சுக் கொடியைச் செருக வேண்டும். கொடி தெரிந்தால் காலி என்று அர்த்தம். யாரும் மறுபடி பார்ப்பதில்லை.

பக்கத்து வீட்டு இவோருக்கு அந்தக் கொடி ஒரு விளையாட்டுச் சாமான். அதைப் பிடுங்கிக் காதில் சொருகிக்கொள்வான். துப்பாக்கியைத் தரையில் ஊன்றி, குழல் முனையில் தாடையை வைத்து, தூங்கி வழிகிற மாதிரி நடிப்பான்.

"நம்ம மெர்வினோட தையல் மிஷின் மறுபடி நின்னு போச்சுடா! எண்ணெய் போட்டுக் கும்பிட்டுக்கிட்டு இருக்கான், யாரும் தொந்தரவு பண்ணாதீங்க!"

பிறகு கையை நீட்டிப் பொத்தானை அழுத்துவான். டக்கென்று மூடும். எல்லோரும் சிரிப்பார்கள். அது எனக்குப் பழகிவிட்டது. போன மார்ச்சில் ஒருநாள், டீ ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி க்வென்னும் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் துப்பாக்கியைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். பழைய கொக்கியைத் திரும்ப மாட்டினேன். ஞாயிறன்று குழலுக்குக் கீழே இருக்கும் தோட்டாக் குழாயில் ஒரே ஒரு தோட்டா; பொத்தானை அழுத்தினால் அது மேலேறிக் குழலுக்குள் போய்விடும். மேலே திறப்பில், வழக்கம் போல, கொடி. தாங்கியில் சாய்த்து வைத்துவிட்டு டீ வரிசையில் போய் நின்றேன். இரண்டு சர்க்கரை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. டீயை வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன்.

இவோரின் மனைவி க்ளெனிஸ் நல்லவள். அடக்கத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்மேல தப்பில்ல மெர்வின். அவருக்கு எப்பவும் விளையாட்டுப் புத்தி. நீ மனசப் போட்டு வதைச்சுக்காத."

நான் வதைத்துக்கொள்ளவில்லை. ஒழுங்காகத் தூங்கினேன். விசாரணையில் விபத்து என்றுதான் முடிவு சொன்னார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் போலீஸ் தரப்புத் துப்பாக்கி நிபுணர் எழுந்து, தேய்ந்த கொக்கியை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, உரிமையாளர் துப்பாக்கியைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்றார். ஊர்ப் பத்திரிகையிலும் அப்படியே வந்துவிட்டது. இப்போது கிளப்பில் என்னைப் பார்க்கிறவர்கள், பாவம், கவனமில்லாத மனுஷன் என்பதுபோலப் பார்க்கிறார்கள்.

இதோ, உங்கள் மேசையில் வைக்கிறேன். இதுதான் புதிய கொக்கி. கழற்றிய பிறகும் துருப்பிடிக்காமல் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், பாருங்கள்.

இவோரைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். பராமரிப்பு சரியில்லை என்கிற அந்த வரியை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.