இடக்கைப் பெடியனுக்கு இன்னும் இரண்டு வருசம்

டென்மார்க்கின் ஓல்போர்க் நகரில், பிற்பகல் பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள், முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வருகிறவர்கள். கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்தவர் திடீரென்று சொன்னார்:

"இந்தப் பெடியனை இப்ப பெரிய ரீமுக்கு எடுக்கவே கூடாது."

"எந்தப் பெடியன், அக்கா?"

"அமெரிக்காவில பேஸ்போல் எறியிறவன். இப்ப கீழ் ரீமில, அதுதான் ரெண்டாம் அணியில, நிக்கிறான். நான் பாக்கிற கிழவர் முந்தி அங்க கப்பலில வேலை செய்தவரெல்லே, அவருக்கு அந்த ரீம் எண்டா உயிர். காலமை நான் சாப்பாடு குடுக்கேக்க ரெண்டு பேருமா இருந்து கைபேசியில புதுப் பெடியங்களின்ர ஆட்டத்தைப் பாப்பம்."

"உங்களுக்கு அது விளங்குமோ?" இளையவர் சிரித்தார்.

"விளங்காமல்? ஒருத்தன் நல்லா அடிப்பான், ஓடத்தான் பஞ்சி. மற்றவன் நல்லா ஓடுவான், பந்து வந்தா கோட்டை விட்டிடுவான். இந்த இடக்கையன்தான் திறம். என்ன வேகம்!"

"பிறகேன் எடுக்கக் கூடாதெண்டுறீங்கள்?"

"கிழவர் இப்ப ஒழுங்காச் சாப்பிடுறேல்லை, பிள்ளை. 'இவன் பெரிய ரீமில எறியிறதை ஒருக்காப் பாத்திட்டா எனக்குக் காணும், பிறகு நிம்மதியாக் கண்ணை மூடுவன்' எண்டுறார்."

இளையவர் சிரிப்பதை நிறுத்தினார்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"பெடியன்ர கை இன்னும் பழகேல்லை, ரெண்டு வருசமாவது செல்லும் எண்டன்."

"அவர்?"

"கொஞ்ச நேரம் என்னை முறைச்சுப் பாத்தார். பிறகு, 'அப்ப அந்தக் கஞ்சியை இங்கால தள்ளு' எண்டார்."