நேர்ந்துவிட்ட கால்கள்

"என் காலை யாரைக் கேட்டு நேந்துவிட்டீங்க, மதினி?"

செம்பட்டி போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டிலிருந்து இந்தக் கேள்வி வந்தது. கேட்டவளுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். தலைமுடி இப்போதுதான் காது வரை வளர்ந்திருந்தது. பக்கத்தில் அவள் புருஷனின் அக்கா. ஜன்னலுக்கு வெளியே பச்சை வேட்டி கட்டியவர்கள் கூட்டம் கூட்டமாகப் பழனிக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

"நீ பொழைக்கணும்னுதான வேண்டுனேன். கேன்சர் கொணமானா உன்னைய நடத்தியே கூட்டிட்டு வாரேன்னு முருகன்கிட்ட சொல்லிட்டேன்."

"சோறு வடிச்சு எறக்கிட்டு, வெஞ்சனம் வைக்கிறதுக்குள்ள செத்த நேரம் படுக்க வேண்டியிருக்கு எனக்கு. நான் பழனிக்கு நடக்கணுமாக்கும்."

"மருந்து ஏத்தி முடிச்சு ஒரு வருசமாச்சு. ரிப்போர்ட்டுல ஒண்ணுமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு. முடியும் வளந்துருச்சு. இன்னும் என்ன அசதி?"

"மொட்டையா இருந்தப்ப இப்படிக் கேட்டீங்களா? படுத்தா படுக்கட்டும்னு விட்டீங்க. முடி வந்ததும் சோம்பேறி ஆயிட்டேன்."

"சாமி குத்தம் ஆயிரும்த்தா."

"வேண்டுனது நீங்க. நீங்களே நடங்க. நான் பஸ்ஸுல வந்து அடிவாரத்துல உக்காந்திருக்கேன்."

மதினி முழங்காலைத் தடவிக்கொண்டார். "அம்புட்டுத் தூரம் என்னால எங்க ஏலும்? முட்டி வலி உசுரெடுக்குது."

"உங்க முட்டிக்கு நான் ரிப்போர்ட்டா கேட்டேன்?"