இருட்டாகவே இருந்த தட்டு

மச்சான், சுபத்ரா என்னிடம் கடைசியாகச் சொன்ன சாதாரணப் பேச்சு, "ஏங்க, மோட்டார நிறுத்துங்க, டேங்க் வழியுது" என்பதுதான். நிறுத்திவிட்டுத் திரும்பினேன். அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. சாயங்காலம் தாம்பரம் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது.

"என் தங்கச்சிய காப்பாத்தியிருக்கலாமா மாப்ள?" என்று காரியத்தன்று கேட்டீர்கள். உங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

புற்றுநோய்ச் செல் சாகும்போது அதற்குள் ஒரு நொதி விழித்துக்கொள்ளும். குரோம்பேட்டை ஆய்வுக்கூடத்தில் நாங்கள் செய்த நானோ துகள்களை அந்த நொதி வெட்டினால் பச்சையாக ஒளிரும். ஒளி வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

சுபத்ராவின் வயிற்றில் கோத்த நீரை வாராவாரம் எடுத்தார்கள். அதில் அவளுடைய புற்றுச் செல்கள் மிதக்கும். டாக்டரிடம் கேட்டு வாங்கி, கஞ்சிக் கூடையில் ஐஸ் போட்டு, மின்சார ரயிலில் கொண்டுபோவேன். "இன்னா மாப்ள, பாட்டில்ல சரக்கா? எனக்கும் கொஞ்சம் ஊத்து" என்றீர்கள். "சிரிக்க வெக்காதண்ணா, வயிறு வலிக்குது" என்றாள்.

அந்தச் செல்களைத் துகள்களோடு இரண்டு தட்டுகளில் பிரித்து வைத்து, ஒன்றில் அவளுக்கு ஏற்றிக்கொண்டிருந்த மருந்தை விட்டேன். இன்னொன்றில் வேறு மருந்து. அதுவும் தாம்பரத்துக் கடையிலேயே கிடைப்பதுதான். முதல் தட்டு இருட்டாகவே இருந்தது. இரண்டாவது முழுக்கப் பச்சை. அவ்வளவு தெளிவான ஒளியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஒருமுறை பார்த்தது போதாது. அதே ஆளின் செல்கள் திரும்பத் திரும்ப வேண்டும். சோதனையின் நடுவில் எதையும் மாற்றக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அவளுக்கு மருந்தை மாற்றினால் நீர் வற்றிவிடும். பிறகு செல்களுக்கு எங்கே போவேன்?

"மருந்த மாத்திப் பாக்கலாமா? உங்க ஆராய்ச்சியில எதாவது தெரிஞ்சுதா சார்?" என்று டாக்டரம்மாவே கேட்டார்.

"இன்னும் உறுதியா சொல்ல முடியாது மேடம்" என்றேன். ஆய்வில் அதுதான் நேர்மையான பதில்.

சுபத்ராவும் கேட்டாள். "என்னுது மின்னுதா?"

"நல்லா மின்னுதும்மா."

எந்தத் தட்டில் என்று அவள் கேட்கவில்லை. அடுத்த ஊசிக்கு, நரம்பெல்லாம் கறுத்துப்போன கையைத் தானாகவே நீட்டினாள்.

வாராவாரம் இரண்டாவது தட்டு ஒளிர்ந்தது. வாராவாரம் அவள் உடம்புக்குள் முதல் மருந்தே போனது. இருட்டுத் தட்டாக அவளை நான்தான் வைத்திருந்தேன், மச்சான். தெரிந்தே வைத்திருந்தேன். ஆய்வுக் கட்டுரையின் முடிவில் அவளுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். படித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

அவளுடைய செல்கள் இன்னும் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவை இருக்கும் பெட்டிக்குள் எப்போதும் முப்பத்தேழு டிகிரி. உயிரோடிருக்கும் உடம்பின் சூடு.